பின்னால் நடந்து வந்த முப்பது பேர்

1. பதினொரு மணி போன்

“மேடம், என் வூட்டுக்குள்ள முப்பது பேர் வந்துகினு கீறாங்க. திருடன்னா முன்னால பாத்து வருவான். இவங்க எல்லாம் முதுகக் காட்டிக்கினு பின்னாலயே நடந்து வராங்க. இன்னா மேடம் இது?”

அயர்லாந்திலிருந்து ஸ்டெல்லா இப்படிக் கேட்டபோது இங்கே காலை பதினொரு மணி. அங்கே விடிகாலை, அவருக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடிகிற நேரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி, கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டை மூன்று மாதத்துக்கு முன்புதான் தன் பெயரில் வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு தோட்டத்தில் கம்பம் நட்டு ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனார். வார்டில் காபி குடிக்கும்போதெல்லாம் போனில் தன் வீட்டைப் பார்ப்பாராம். மற்றவர்கள் சீரியல் பார்க்கிற மாதிரி. அந்த வாரம் வரைக்கும் பகல் டியூட்டி, அதனால் இங்கத்திய காலையை அவர் பார்த்ததே இல்லை.

அவர் அனுப்பிய வீடியோவை நானும் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஆண்கள், புடவையைத் தூக்கிச் செருகிய பெண்கள், வரிசையாக ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் வைத்து, அடி மேல் அடியாகப் பின்வாங்கி வந்தார்கள். எல்லைக் கல்லைத் தாண்டி ஸ்டெல்லாவின் சவுக்கு மரத்தடி வரைக்கும் வந்தார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி, முதல் ஆளாக மறுபடி பிடித்தார். அவருக்குப் பின் அடுத்தவர். இப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

இதற்குப் ‘பெரிய வலை’ என்று பேர். போட்டில் கொண்டுபோய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து கையால் இழுப்பது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது ஸ்டெல்லாவின் தோட்டத்துக்குள் நடக்கும் என்று தெரியாது. அதுதான் சிக்கல். ஏனென்றால் அந்த இடத்துக்கு ‘எந்த வில்லங்கமும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பிறகு டாக்குமெண்ட் பார்க்கிற வேலைக்கு வந்தேன். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சர்வே ஸ்கெட்ச் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்து, இந்த இடத்தை வாங்கலாமா கூடாதா என்று லீகல் ஒப்பீனியன் எழுத வேண்டும். அடியில் வக்கீல் சார் கையெழுத்துப் போடுவார். கடைசி ஒன்பது வருஷம் வெளிநாட்டில் இருப்பவர்களின் ஃபைல் முழுக்க என்னிடம். அதுவரைக்கும் நான் பார்த்த ஃபைல் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. அதை வெளியில் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

2. கஜா காட்டிய ஃபார்ம் ஹவுஸ்

ஸ்டெல்லா ஊர், செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் நர்ஸிங் படித்து, முதலில் சவூதி, பிறகு அயர்லாந்து. இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவருடைய தமிழ் மட்டும் செங்கல்பட்டு ஸ்டேஷனை விட்டு நகரவில்லை.

முதல் போனிலேயே கேட்டேன், “அங்கேயே வீடு வாங்கியிருக்கீங்க, இங்கே எதுக்கு இன்னொண்ணு?” என்று.

“லீவுக்கு வந்தா தம்பி வூட்ல ஹால்ல பாய் போடறாங்க மேடம். நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா நான் எழுந்துக்கற வரைக்கும் எல்லாரும் நடு ஹால்ல சத்தம் போடாம நடக்கறாங்க. எனக்கு சங்கடமா கீது. வருஷத்துல ஒரு மாசம், நானே பூட்டைத் திறந்து, நானே டீ போட்டுக் குடிக்கணும். அவ்ளோதான்.”

இவருக்கு இடம் காட்டியவர் புரோக்கர் கஜா. ஈசிஆர் கடற்கரை ரோட்டில் எந்த மணலுக்கும் மூன்று விலை சொல்லக்கூடியவர். முதலில் ஒரு ஃபார்ம் ஹவுஸைப் பிடித்து வந்தார். மாந்தோப்பு, நடுவில் வீடு, மாடியில் ஏறினால் தூரத்தில் கடல். போட்டோ பார்த்து ஸ்டெல்லாவுக்கு ஆசை வந்துவிட்டது. பட்டாவைப் பார்த்தேன். புஞ்சை.

“கஜா, அவங்க வெளிநாட்டுப் பிரஜை. கையில ஓசிஐ கார்டு. வீடு வாங்கலாம், பிளாட் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், ஃபார்ம் ஹவுஸ் வாங்கக் கூடாது. உனக்கு இதை எத்தனை தடவை சொல்றது?”

“இன்னா மேடம் நீங்க, சட்டத்தையே சொல்லிக்கினு. தம்பி பேர்ல போட்ருவோம். அக்கா வந்து இருந்துக்கட்டும். யார் கேக்கப் போறா?”

“தம்பி கேப்பான். பத்து வருஷம் கழிச்சு.”

கஜா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஃபைலை மூடினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிநாட்டில் இருப்பவர் வாங்க வந்தால் இடத்தின் அழகைப் பார்க்காதீர்கள், வகைப்பாட்டை முதலில் பாருங்கள். பாதி ஃபைல் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவதாக வந்ததுதான் குப்பத்து வீடு. நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு மனையில், கட்டிய பழைய வீடு. முறையாக வரி கட்டியிருந்தார்கள். மூலப் பத்திரத்திலிருந்து ஒரு கண்ணிகூட விடுபடவில்லை. இப்படி ஒரு சுத்தமான ஃபைலைப் பார்ப்பதே அபூர்வம். எனக்கு அதன் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

ஸ்டெல்லா ஒரு வாரம் லீவு போட்டு வந்தார். காலையில் ரெஜிஸ்டர் ஆபீஸ். டோக்கன், கைரேகை, போட்டோ எல்லாம் முடிய ஒன்றரை மணி. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குச் சைட்டுக்குப் போனோம். கரையில் ஒரு ஈ காக்கா இல்லை. நாலைந்து போட் கவிழ்ந்து கிடந்தன, ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. ஸ்டெல்லா எல்லைக் கல் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் கடலைப் பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

“பத்தொம்பது வயசுலதான் மேடம் மொத மொத கடலப் பாத்தேன். நர்ஸிங் காலேஜ் டூர்ல.”

அதற்கு முந்தியும் நான் அந்த இடத்துக்கு ஒரே ஒரு முறை போயிருந்தேன். அதுவும் மதியம்தான். ஆபீஸ் ஆள் நான். காலையில் கோர்ட், ரெஜிஸ்டர் வேலை. சைட் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. இருபத்தேழு வருஷமும் அப்படித்தான்.

3. குழி

முப்பது பேர் வீடியோ வந்த அன்றைக்கே நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. வேறு ஒரு ஃபைல் அவசரம் என்று சாக்குச் சொல்லி கஜாவை அனுப்பினேன். அவர் அங்கிருந்தே ஸ்டெல்லாவிடம் பேசிவிட்டார்.

“அக்கா, ஒரே பேஜாரு. கெழக்கால கடல் பக்கமா ஒரு காம்பவுண்டு சுவரு வெச்சிட்டா முடிஞ்சுது. நம்ம இடம், நம்ம கல்லு.”

ஸ்டெல்லா பயந்துபோயிருந்தார். சரி என்றார். கடற்கரை ஓரத்தில் சுவர் எழுப்ப அனுமதி வாங்க வேண்டும் என்பது கஜாவுக்குத் தெரியாதா என்ன? கேட்டால் கிடைக்காது, ஆகையால் கேட்கவில்லை. நாலாம் நாள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: “நேத்து சாய்ந்தரம் கடக்கால் எடுத்தாச்சு மேடம்.”

எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பையில் சார் சொல்லி நான் டைப் அடித்த ஒரு நோட்டீஸ் இருந்தது, குப்பத்துக்காரர்கள் அத்துமீறி நுழையக் கூடாது என்று. கஜாவுக்கு ஒரு திட்டு, குப்பத்துக்கு ஒரு நோட்டீஸ். இரண்டையும் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் ஆபீஸ் திரும்புவதாகக் கணக்கு.

போய் இறங்கினால், மூன்று மணிக்கு நான் பார்த்த கரையா இது? ஒரே இரைச்சல். கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரமும் மணலுமாக ஒரு அம்மாள் வழிமறித்தார். அறுபது வயது இருக்கும். பெயர் தேசம்மா. வலையில் பங்குக்காரர். அந்தக் கூட்டத்துக்கு அவர் சொன்னதுதான் சட்டம் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

“நீதான் வக்கீலம்மாவா? இன்னா நோட்டீஸா? குடு, மீன் கட்ட ஆவும்.”

“அம்மா, இது அவங்க பட்டா இடம். இதோ கல் இருக்கு.”

“கல்லு கீது. யார் இல்லன்னா? அந்தக் கல்லு நட்டப்ப கடலு எங்க இருந்துச்சு, உனக்குத் தெரியுமா?” கையை நீட்டி, அலை உடைகிற இடத்துக்கு வெகு அப்பால் காட்டினார். “அங்க. அப்போ நாங்க எங்க மண்ணுலயே நின்னு இழுத்தோம். வருஷா வருஷம் அது உள்ள வந்துகினே கீது. நாங்க இன்னா பண்றது? தண்ணிக்குள்ள நின்னா இழுக்க முடியும்? பின்னால நடந்தாத்தான் வலை வரும்.”

என் பையில் இருந்த சர்வே ஸ்கெட்சில் கல் இருந்தது. கடல் நகர்வது அதில் இல்லை. இருந்தாலும் அதையே எடுத்து விரித்தேன். அப்போதுதான் பின்னால் ஒரு அலறல் கேட்டது.

கயிற்றின் கடைசியில் வந்தவர் ஏகாம்பரம், தேசம்மாவின் வீட்டுக்காரர். சுவருக்குக் கடக்கால் எடுத்த குழி இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஒதுங்கித்தான் வந்தார்கள். ஆனால் மணலில் தோண்டிய குழி ஆயிற்றே, ஓரம் சரிந்தது. மனிதர் அப்படியே மல்லாக்க உள்ளே போய்விட்டார். கால் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது.

நாலைந்து பேர் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். தேசம்மா கத்தினார்: “கயித்த உடாதீங்க! பாதிப் பேர் புடிங்க! வலையோட மடி திரும்பிடப் போவுது, மீனெல்லாம் பூடும்!” சொல்லிக்கொண்டே புருஷனிடம் ஓடினார். இரண்டு பேர் குழிக்குள் இறங்கி ஏகாம்பரத்தின் கையையும் காலையும் பிடித்துத் தூக்கப் போனார்கள்.

“தூக்காதீங்க! யாரும் தொடாதீங்க!”

குரல் மேலேயிருந்து வந்தது. எல்லோரும் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தோம். ஒருவர் கயிற்றை விடாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நான் வூட்டுக்காரி பேசறேன்! நான் நர்ஸு! அவர அப்படியே வைங்க. கால இழுக்காதீங்க!”

அந்தக் கேமராவில் பேசவும் முடியும் என்று கடைக்காரர் சொல்லி விற்றது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. குழிக்குள் இறங்கியவர்கள் கையை எடுத்தார்கள். பிறகு தேசம்மா கம்பத்தைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப இன்னா பண்ணணும், சொல்லு.”

“ரெண்டு நீட்டுப் பலகை எடுத்துனு வாங்க. மேடம்! நீங்க அங்கதான் நிக்கிறீங்க, தெரியுது. குழிக்குள்ள இறங்குங்க. அவர் பாதத்துல கை வைங்க. சூடா கீதா, சில்லுனு கீதா?”

இருபத்தேழு வருஷமாகக் காகிதத்தைத் தவிர வேறு எதையும் தொடாத கை. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். “சூடாத்தான் இருக்கு,” என்று கம்பத்தைப் பார்த்துக் கத்தினேன்.

“விரல அசைக்கச் சொல்லுங்க.”

அசைத்தார். சுவருக்காகக் கஜா இறக்கி வைத்திருந்த சென்ட்ரிங் பலகையிலிருந்து இரண்டு துண்டு எடுத்து, காலின் இரு பக்கமும் வைத்து, துண்டாலும் வலைக் கயிற்றாலும் கட்டினோம். எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது, எவ்வளவு இறுக்கலாம் என்று ஒவ்வொன்றாக மேலேயிருந்து உத்தரவு வந்தது. இத்தனைக்கும் அந்தப் பக்கம் மீதிப் பேர் கயிற்றை விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஏகாம்பரத்தை ஏற்றியபோது வலையும் கரை ஏறியது.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. கட்டிக் கொண்டுவந்த விதம் சரி என்று டாக்டர் சொன்னாராம். “யார் கட்டியது?” என்று கேட்டதற்குத் தேசம்மா “கம்பம்” என்று சொல்லியிருக்கிறார்.

4. அதே ஷிஃப்ட்டில்

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்தார். காலையில் கம்பத்திலிருந்து அதட்டிய அதே குரல் இப்போது உடைந்துபோயிருந்தது.

“அந்தக் குழிய நான்தான் தோண்டச் சொன்னேன் மேடம். எங்க அப்பா மாதிரி ஒரு ஆளு, என் குழில வுழுந்துட்டாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சுனு அங்க வந்து டீ குடிப்பேன்? வித்துருங்க. எனக்கு வூடு வேணாம்.”

சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. “ஸ்டெல்லா, அது உங்க குழி இல்ல. என்னோடது. நான் ரெண்டு தடவையும் மதியத்துலதான் போனேன். ஒரே ஒரு நாள் காலையில போயிருந்தா இதெல்லாம் உங்ககிட்ட வாங்கறதுக்கு முன்னாலயே சொல்லியிருப்பேன். முப்பது பேர் மறைஞ்சு நிக்கலியே. நான்தான் பாக்கல.”

ஸ்டெல்லா மூக்கைச் சிந்தினார். பிறகு, “எழுதி வெச்சீங்களா?” என்றார்.

“எதை?”

“தப்ப. எங்க வார்டுல தப்பு நடந்தா அதே ஷிஃப்ட்ல எழுதி வெச்சுட்டுத்தான் வூட்டுக்குப் போவணும். அடுத்து வர்றவ அதப் படிச்சுட்டுத்தான் பேஷண்ட தொடுவா. யாரைத் திட்டறதுக்கும் இல்ல மேடம். அடுத்தவளுக்குத் தெரியணும், அதுக்குத்தான்.”

மறுநாள் சாரிடம் சொன்னேன். ஒப்பீனியனுக்கு ஒரு திருத்தம் எழுதப் போகிறேன் என்று. சார் நல்ல மனிதர்தான், ஆனால் வக்கீல்.

“நம்ம ஒப்பீனியன் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா? யாராவது கேட்டாங்களா? இதை வெச்சு நாளைக்கு அவங்க நடக்க எங்களுக்கு வழிப்பாத்தியம் இருக்குன்னு கேஸ் போட்டா?”

“இருக்கறதைத்தானே சார் எழுதறேன். இல்லாததை எழுதலியே.”

“ஏம்மா, இருபத்தேழு வருஷம் ஒரு சொல் இல்லாம ஓட்டிட்ட. ரிடயர் ஆக எட்டு மாசம் இருக்கு. இப்ப எதுக்கு?”

வலித்தது. அவர் சொன்னது பொய்யில்லை. இருந்தாலும் உட்கார்ந்து எழுதினேன். கிழக்கு எல்லையை ஒட்டி இத்தனை அடி வரை பெரிய வலை இழுக்கும் முப்பது பேர் காலை நேரத்தில் பயன்படுத்துகிறார்கள், கடல் உள்ளே வந்ததால் இது ஏற்பட்டது, இதை முந்தைய ஒப்பீனியனில் குறிப்பிடத் தவறியது பார்வையிட்டவரின் பிழை. எல்லாம் ஒரே பக்கம். அதைவிடக் கஷ்டப்பட்டு நான் எந்தப் பக்கத்தையும் எழுதியதில்லை. சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஸ்டெல்லாவுக்கு அனுப்புவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். காலையில்தான் போனேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வலை கரையேறும் வரைக்கும் காத்திருந்து, தேசம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.

“முப்பது பேருன்னு யார் சொன்னது? முப்பத்தி நாலு.”

திருத்தினேன்.

“அடின்னு போட்டுக்கீறியே, அளந்தியா?”

அளக்கவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டேன். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். நான் எழுதியதைவிட நாலு அடி குறைவாகவே வந்தது. “நாலு அடி அவளுக்கே இருக்கட்டும், கூட்டி எழுதாத,” என்றார். பிறகு வலைக் கூட்டத்தின் பெயர்களையும் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஏகாம்பரத்தின் பெயரை முதலில் போடச் சொன்னார்.

கிளம்பும்போது கேட்டேன், “அவங்க வீட்டை விக்கப் போறாங்களாம், தெரியுமா?” என்று.

தேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எதுக்கு விக்கணும்? விக்க வேணாம்னு சொல்லு. இவ நல்லாத்தான் கத்தறா. புதுசா வர்றவன் நாய் கட்டுவான்.”

அப்படியே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். திருத்தத்தையும் பெயர்ப் பட்டியலையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. முடிந்தது, விற்றுவிடுவார், நானும் வீட்டை வாங்க வேறு ஆள் தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

“மேடம், பத்திரத்துல எம்பேரு மட்டும்தான் கீது. இந்தப் பேப்பர்லதான் என் பக்கத்துல யார் யார் கீறாங்கன்னு கீது. முப்பத்தி நாலு பேரையும் மனப்பாடம் பண்ணிட்டேன். இதையும் பத்திரத்தோட வெச்சு ஃபைல் பண்ணுங்க. விக்கல. கஜாகிட்ட சொல்லிக் குழிய மூடச் சொல்லுங்க. அவரே மூடணும், ஆள் வெச்சு இல்ல.”

கஜா மூடினார். அரை நாள் மண்வெட்டி பிடித்தார். நான் நின்று பார்த்தேன், அந்தச் சந்தோஷத்தை மறைப்பானேன்.

ஸ்டெல்லா பொங்கலுக்கு முந்திய வாரம் வந்தார். தானே பூட்டைத் திறந்தார். முதல் நாள் காலை டீ வைத்த பாத்திரம் அடுப்பில் இருக்கும்போதே வெளியில் இரைச்சல் கேட்டிருக்கிறது. தூங்குகிறவர் எழுந்துவிடுவாரோ என்று யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. வாசலுக்கு வந்து அவர் வேடிக்கை பார்த்தபோது, தேசம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஓரமா நில்லு, இல்லன்னா வந்து புடி,” என்று சொல்லியிருக்கிறார். அதை எனக்குப் போனில் சொல்லும்போது ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எட்டு மாதத்தில் நான் ரிடயர் ஆனேன். ஆபீசில் நான் விட்டுவந்த செக் லிஸ்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘காலையில் ஒரு முறை போய்ப் பார்த்தாயிற்றா?’ புதிதாகச் சேர்ந்தவர்கள் முணுமுணுக்கிறார்களாம், அதற்காக விடியலில் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று. பிடியுங்கள். ஓர் இடம் யாருடையது என்று படிக்க எனக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க இருபத்தேழு வருஷம் ஆயிற்று, அதற்கும் ஒருவர் கால் உடைய வேண்டியிருந்தது.